எல்லாவற்றிலும் இருந்த பி6

என் விரல்நுனிகள் மரத்துப்போனது நோயினாலா, நோய்க்கு நல்லது என்று நான் விழுங்கிய சத்து மாத்திரைகளினாலா என்று யாராவது கேட்டால், இன்றைக்கும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. நோய்தான் என்றால் இனி இப்படியே இருந்துவிட வேண்டியதுதான். மாத்திரை என்றால் போனது திரும்பி வரலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் நான் ஒரு வருடமாக நிற்கிறேன். அந்த ஒரு வருடத்தில், என் மகளைத் தூக்குவதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் ஒரு நொடி யோசித்திருக்கிறேன்.

நோய் அப்பாவிடமிருந்து வந்தது. ராயகிரியில் அப்பா வரப்பில் நடந்து வந்தால் தூரத்திலிருந்தே தெரியும். முழங்காலைத் தூக்கித் தூக்கி, தண்ணீருக்குள் நடப்பவரைப் போல நடப்பார். சின்ன வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து போனது என்று ஊர் நினைத்தது. அப்பாவும் அப்படித்தான் நினைத்திருந்தார். நான் கல்லூரியில் படிக்கும்போது, என் செருப்பு கழன்று பின்னால் கிடப்பதும் அது தெரியாமல் நான் பத்தடி நடந்துபோவதுமாக இருந்ததைப் பார்த்து, ஒரு தோழிதான் மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனாள். கால் நரம்பில் மின்சாரம் வைத்துப் பார்த்தார்கள். அப்பாவையும் வரச் சொல்லிப் பார்த்தார்கள். பரம்பரையாக வருவது, மெதுவாகக் கூடும், மருந்து கிடையாது, கவனமாக இருந்தால் நெடுநாள் நன்றாக இருக்கலாம் என்றார்கள்.

அந்த நோயின் பெயர் வீட்டில் யார் வாயிலும் நுழையவில்லை. அதனால் ‘நரம்புத் தளர்ச்சி’ என்று சொல்லிக்கொண்டோம். அதுதான் முதல் தப்பு என்று இப்போது தோன்றுகிறது. சரியான பெயரைச் சொன்னால் எல்லோரும் விழிப்பார்கள். நரம்புத் தளர்ச்சி என்று சொன்னால் எல்லோரிடமும் அதற்கு ஒரு மாத்திரை இருக்கிறது.

கல்யாணப் பேச்சின்போது அப்பா எதையும் மறைக்கவில்லை. “பிள்ளைக்குக் காலு கொஞ்சம் பலமில்ல, என்னைய மாதிரி” என்று சொன்னார். “நம்ம வீட்ல என்ன மலையா ஏறப் போறா, மாடிப்படிகூடக் கிடையாது” என்று என் மாமியார் சொன்னாராம். தென்காசியில் எங்கள் வீட்டில் உண்மையிலேயே மாடிப்படி கிடையாது. அத்தை சொன்னதைச் செய்கிறவர். பிரசவத்துக்குப் பிறகு ஆறு மாதம் என்னை வாளி தூக்க விட்டதில்லை.

மகளுக்கு ஒரு வயது ஆனபோது எனக்குப் பாதத்தில் ஊசி குத்துவதுபோல் இருந்தது. தென்காசியிலேயே ஒரு மருத்துவரிடம் போனோம். நல்ல கூட்டம். என் பழைய காகிதங்களைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் ஒரு சிவப்பு மாத்திரை எழுதினார். “நரம்புக்குச் சத்து. எத்தனை நாள் வேணும்னாலும் சாப்பிடலாம், ஒண்ணும் செய்யாது.” நான் கேட்டுக்கொண்டேன். ஒண்ணும் செய்யாது என்றால் எதற்காகச் சாப்பிட வேண்டும் என்று அன்றைக்கே கேட்டிருக்கலாம். மருத்துவரிடம் அப்படிக் கேட்கும் ஆள் இல்லை நான். சொன்னால் செய்வேன். காலை எட்டு மணி என்றால் எட்டு மணி.

அதற்குப் பிறகு மற்றவை ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. எனக்கு அடிக்கடி வாய்ப்புண் வரும். தெருமுனை மெடிக்கல் ஷாப் அண்ணாச்சி ஒரு மஞ்சள் மாத்திரை தந்தார், கேட்டது. அப்படியே தினமும் பழகிவிட்டது. என் கணவரின் அக்கா, அதாவது மதினி, வளைகுடாவில் நர்ஸாக இருக்கிறார். விடுமுறைக்கு வந்தபோது என் முடி கொட்டுவதைப் பார்த்துவிட்டு ஒரு பெரிய பாட்டில் கொடுத்துவிட்டுப் போனார். தீர்ந்தால் ஊருக்கு வருகிறவர்கள் பெட்டியில் அடுத்தது வந்துவிடும். இதுபோக, பாலில் கலக்கும் சத்துப் பவுடர் ஒன்று அத்தை வாங்கி வைத்திருந்தார். நான்குமே உடம்புக்கு நல்லவை. நான்கையும் கொடுத்தவர்கள் என் நன்மையை நினைத்தவர்கள். நான் ஒருத்தி, கொடுத்ததையெல்லாம் வரிசையாக விழுங்கினேன்.

நான் வேதியியல் படித்தவள். பிரசவத்துக்கு முன்னால் மூன்று வருடம் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள். வைட்டமின் அட்டவணையைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, பி6 என்றால் பைரிடாக்சின் என்று பிள்ளைகளைச் சேர்ந்து சொல்ல வைத்தவள். நான் விழுங்குகிறவற்றின் பின்பக்கத்தை ஒரு தடவைகூட வாசித்ததில்லை. எரிச்சல் யார் மேல் என்று கேட்டால், முதலில் என் மேல்தான்.

வாசித்திருந்தாலும் முழுதாக வாசித்திருக்க முடியாது என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். பதினைந்து மாத்திரை உள்ள அட்டையில் பத்து போதும் என்றால் அண்ணாச்சி கத்தரிக்கோலால் நறுக்கித் தருவார். மருந்தின் பெயரும் என்னென்ன எவ்வளவு என்ற விவரமும் அச்சான பக்கம் பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடும். எனக்கு வந்து சேர்வது கம்பெனி விலாசத்தில் பாதியும் விலையில் பாதியும்தான். வீட்டுக்கு வந்ததும் அத்தை அதையும் பிதுக்கி ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டுவிடுவார், அட்டையின் முனை பிள்ளையின் கையைக் கிழித்துவிடும் என்று. சிவப்பும் மஞ்சளும் ஒரே டப்பாவில் கிடக்கும். எனக்கு நிறம் மட்டும்தான் தெரியும். அண்ணாச்சிக்கும் என்னை நிறத்தால்தான் தெரியும். “செவப்பா, மஞ்சளா, ரெண்டுமா?” என்பார்.

மகளுக்கு இரண்டரை வயது நடக்கும்போது விரல்நுனி மரத்தது. இந்த நோய் எனக்குக் காலில்தான் இருந்தது. கையில் வரும், ஆனால் மெதுவாக, பல வருடம் கழித்து வரும் என்று சொல்லியிருந்தார்கள். இது மூன்று மாதத்தில் வந்தது. மகளின் கவுன் முதுகில் உள்ள கொக்கியைக் கண்ணால் பார்க்காமல் மாட்ட முடியவில்லை. பருப்பில் கல் கிடந்தால் விரலுக்குத் தெரியவில்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவின் வயதில் எனக்கு வர வேண்டியது முன்னாலேயே வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். சொன்னால் எல்லோரும் மகளின் கையைப் பார்ப்பார்கள் என்ற பயமும் இருந்தது.

ஆடி மாதம் நல்ல சாரல். மதினி விடுமுறையில் வந்திருந்தார், எல்லோருமாகக் குற்றாலம் போனோம். ஐந்தருவியில் பெண்கள் பக்கம் கூட்டம் நெருக்கியடித்தது. நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, தண்ணீர் லேசாக விழும் ஓரமாகத்தான் நின்றேன். முகத்தில் தண்ணீர் அடித்ததும் கண்ணை மூடினேன். மூடிய அந்த நொடியில் என் கால்கள் எங்கே இருக்கின்றன என்பதே தெரியாமல் போயிற்று. வழுக்கவில்லை. தலை சுற்றவும் இல்லை. இடுப்புக்குக் கீழே யாரோ துடைத்து எடுத்ததுபோல் இருந்தது. சாய்ந்துகொண்டே போனேன்.

“ஏட்டி! பிள்ளையப் புடி, பிள்ளைய!” என்று பக்கத்தில் நின்ற ஒரு பருத்த அம்மாள் கத்தினார். ஒரு கையால் மகளையும் மறு கையால் என் தலைமுடியையும் பிடித்துவிட்டார். முடியைப் பிடித்ததால்தான் பாறையில் தலை மோதவில்லை.

“என்னத்துக்கு இப்படி வெறும் வயித்தோட வந்து நிக்கே? சாப்ட்டியா இல்லியா?”

“சாப்ட்டேன்க்கா.”

“சாப்ட்டு வந்தா இப்படிச் சாய்வியா? மாசமா இருக்கியா?”

“இல்லக்கா.”

“அப்ப என்ன கேடு உனக்கு?” என்று சொல்லிவிட்டு மகளை என் கையில் தராமல் அத்தையிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் அப்படிச் செய்தது சரிதான். ஆனால் அன்றைக்கு முழுவதும், தரவில்லையே, தரவில்லையே என்றுதான் மனம் அடித்துக்கொண்டது.

மறுநாள் பழைய மருத்துவரிடமே போனோம். “வியாதி கூடிட்டு வருது” என்றார். சிவப்பு மாத்திரையைக் காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று இரண்டாக்கினார். நான் இரண்டாகச் சாப்பிட்டேன். ஒரு நாள்கூட விட்டதில்லை. இரண்டே மாதத்தில் நடக்கும்போது தரை பஞ்சுபோல் ஆகிவிட்டது. முகம் கழுவக் கண்ணை மூடினால் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. மகளைக் குளிப்பாட்டும் தண்ணீரின் சூட்டை முழங்கையால் பார்க்கத் தொடங்கினேன். ஒரு நாள் முழங்கையும் ஏமாற்றிவிட்டதோ என்ற சந்தேகத்தில் பிள்ளையைப் பச்சைத்தண்ணீரில் குளிப்பாட்டியதில் அவளுக்கு ஜலதோஷம் பிடித்தது.

என் கணவர் கலெக்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறார். எதையும் பதறாமல் ஒத்திப்போடும் மனிதர். அவரே ஒரு நாள், “திருநெல்வேலியில ஒருத்தரைப் பாத்துட்டு வந்துருவோம்” என்றார். போன் செய்து நேரம் கேட்டபோது, அங்கே இருந்த பெண் ஒரு விஷயத்தை மூன்று முறை சொன்னாள். “நீங்க வாயில போடுத எல்லாத்தையும் ஒரு பையில போட்டுக் கொண்டு வாங்க. டாக்டர் எழுதுனது, எழுதாதது, டானிக்கு, பவுடரு, எல்லாம். அட்டையோட. டாக்டரம்மா அட்டையப் பாக்கணும்பாங்க. நரம்பு வியாதின்னா, பி6 கூடுதலாப் போகுதான்னுதான் மொதல்ல பாப்பாங்க.”

அட்டைக்கு எங்கே போவது? தெருமுனைக்குப் போனேன்.

“அண்ணாச்சி, இந்தச் செவப்புக்கும் மஞ்சளுக்கும் பேரு போட்ட அட்டை இருக்கா? பின்னாடி என்ன எழுதியிருக்குன்னு பாக்கணும்.”

“அந்த மீதி நேத்தே வித்துப்போச்சேம்மா. என்னத்தைப் பாக்கணும்?”

“பி6 எவ்வளவு இருக்குன்னு.”

“எல்லா பி-யும் இருக்கு. பத்தலியா?”

“கூடுதலா இருக்கோன்னுதான் கேக்கேன்.”

“சத்து கூடுனா நல்லதுதானம்மா. வெசமா குடுத்திருக்கேன்?”

எனக்குப் பின்னால் ஒரு பெரியவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “ஏம்மா, நீ வாத்தியாரம்மாவா? பரிச்சப் பேப்பர் திருத்துத மாதிரி அட்டையக் கேக்கே. அண்ணாச்சி, எனக்குத் தலைவலிக்கு ஒண்ணக் குடுத்து அனுப்பிட்டு அந்தம்மாவுக்குப் பதில் சொல்லும். மண்டை தெறிக்கு.”

நான் நகரவில்லை. அண்ணாச்சி முணுமுணுத்துக்கொண்டே பெட்டியைக் கவிழ்த்து, முழு அட்டை ஒன்றை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தார். சிவப்பு மாத்திரை. எழுத்து அரிசியைவிடச் சின்னது. முழுக்க இங்கிலீஷ். பி1, பி2, பி12 எல்லாம் இருந்தன. பைரிடாக்சின் நூறு மில்லிகிராம் என்று இருந்தது. ஒரு நாளைக்கு உடம்புக்கு வேண்டியது சுமார் இரண்டு மில்லிகிராம் என்று பாடம் நடத்தியவள் நான். நான் சாப்பிட்டது இரண்டு மாத்திரை.

வீட்டுக்கு வந்து மதினியின் பாட்டிலைத் திருப்பினேன். ஐம்பது. கடையில் சேர்த்து வாங்கி வந்த மஞ்சள் அட்டையில் மூன்று. பவுடரிலும் இருந்தது. நான்கு பேர் நான்கு பெயரில் ஒரே பொருளைத் தந்திருக்கிறார்கள். சிவப்பு, ‘நரம்பு’. மஞ்சள், ‘வாய்ப்புண்’. பாட்டில், ‘முடி’. பவுடர், ‘உடம்பு’. எதன் மேலும் பி6 என்று பெரிதாக எழுதியிருக்கவில்லை.

திருநெல்வேலி டாக்டரம்மா கண்டிப்பானவர். பையைக் கவிழ்த்து மேஜையில் பரப்பினார். ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒரு காகிதத்தில் எண்களை எழுதிக்கொண்டே வந்தார். பிறகு என்னை எழுப்பி, “கால சேத்து வச்சு நில்லுங்க. இப்ப கண்ண மூடுங்க” என்றார். மூடினேன். என் கணவர் பிடித்திருக்காவிட்டால் மேஜை மேல் விழுந்திருப்பேன்.

“கண்ணு தெறந்திருக்கும்போது, கண்ணு பாத்து உங்களை நிறுத்துது. மூடிட்டா, கால் எங்க இருக்குன்னு மூளைக்குச் சேதி போறதில்ல. உங்க பரம்பரை வியாதி இவ்வளவு வேகமா இதைச் செய்யாது. பி6 ரொம்ப நாள் ரொம்ப அதிகமாப் போனா செய்யும். நல்ல நரம்பையே கெடுக்கும். உங்க நரம்பு ஏற்கெனவே அடிபட்டது.”

“வைட்டமின்தானேன்னு நெனச்சேன் டாக்டர்.”

“இந்த நாற்காலியில உக்காந்து எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க.”

இரத்தம் எடுத்து அனுப்பினார்கள். பி12 போதுமான அளவு இருந்தது. பி6 எல்லையைத் தாண்டி எங்கேயோ இருந்தது. நான்கையும் நிறுத்தச் சொன்னார். இனிமேல் சத்து மாத்திரை என்று யார் எழுதினாலும், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து, தன்னிடம் கேட்டுவிட்டுத்தான் வாயில் போட வேண்டும், எது குறைகிறதோ அதை மட்டும் தனியாகக் கொடுக்க வழி இருக்கிறது என்றார். இன்னும் ஏதோ சொன்னார். நான் அந்தக் காகிதத்தில் இருந்த எண்களை மனதுக்குள் கூட்டிக்கொண்டிருந்தேன். அதனால் முக்கியமான ஒன்றைக் காதில் வாங்கவில்லை.

நிறுத்திய இரண்டாவது வாரம் கை எரிய ஆரம்பித்தது. மரத்துப்போன விரல்களின் உள்ளே மிளகாய் அரைத்த கைபோல ஓர் எரிச்சல். காலும் முன்பைவிடத் தள்ளாடியது. ஒரு நாள் குக்கர் மூடி கையை விட்டு நழுவி, மகள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. அவள் சத்தத்துக்குக் கைதட்டிச் சிரித்தாள். அத்தை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாத்தியா? மாத்திரைய நிறுத்துனேல்ல” என்றார்.

மதினி போனில் அதையே கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார். “நான் பதினஞ்சு வருஷமா நர்ஸாயிருக்கேன். தண்ணில கரையுத வைட்டமின் கூடுதலாப் போனா ஒண்ணுக்குல வெளிய போயிரும். நீயா நெட்டுல எதையாவது படிச்சிட்டு பயப்படாத.” நானும் அப்படித்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். தண்ணீரில் கரைவது வெளியே போய்விடும் என்று. டாக்டரம்மா சொன்னது சரியா? பழைய டாக்டர் சொன்னது சரியா? நிறுத்தினது தப்போ? அன்றைக்குச் சிவப்பு மாத்திரை ஒன்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். போடவில்லை. போடாமல் இருந்தது தைரியத்தினால் அல்ல. எது சரி என்று தெரியாததால் எதையும் செய்யாமல் நின்றுவிட்டேன்.

மறுநாள் திருநெல்வேலிக்குப் போன் செய்தேன். “நிறுத்தினதும் சில வாரம் கூடிட்டுத்தான் குறையும்னு உங்ககிட்ட சொன்னேனே” என்றார் டாக்டரம்மா. அதுதான் நான் காதில் வாங்காதது. “பொறுமையா இருங்க. மூணு மாசம் கழிச்சு வாங்க.”

பொறுமையாக இருந்தேன். ஐப்பசி மழை விடாமல் பெய்தது. எரிச்சல் குறைந்த மாதிரி இருக்கும், மறுபடி வரும். ஒரு மாதம் கழித்தும் கண்ணை மூடினால் சுவர் தேவைப்பட்டது. ஒரு நாள் காலையில் கழிவறையில் கவனித்தேன். சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாக இருந்தது. மாத்திரை சாப்பிட்ட நாட்களில் அப்படித்தான் இருக்கும். பி2 செய்கிற வேலை அது. நிறுத்தியதும் வெளுத்துவிட்டிருந்தது. இப்போது எங்கிருந்து வந்தது? மறுநாளும் பார்த்தேன். அதற்கடுத்த நாளும். என்ன சாப்பிட்டேன் என்று ஒவ்வொன்றாக எண்ணினேன். இட்லி, சோறு, ரசம், காலையில் அத்தை கொடுக்கும் பால். மழை நேரத்துக்கென்று சுக்கு தட்டிப்போட்ட பால்.

அடுக்களைக்குப் போனேன். அத்தை பாலை ஆற்றிக்கொண்டிருந்தார்.

“அத்தை, பால்ல என்ன போடுதிய?”

“சுக்கு, மிளகு.”

“வேற?”

“பனங்கற்கண்டு.”

“வேற?”

டம்ளரைக் கீழே வைத்தார். “அந்தச் செவப்பு மாத்திரையில ஒண்ணு. ஒண்ணே ஒண்ணுதாட்டி. நீ ரெண்டு சாப்பிட்டுக்கிட்டிருந்தவ.”

“எத்தன நாளா?”

“குக்கர் மூடியக் கீழ போட்டேல்லா, அன்னைக்கிலருந்து.”

பொடித்துப் போட்டிருக்கிறார். வாடை தெரியாமல் இருக்கச் சுக்கைக் கூட்டியிருக்கிறார். மாத்திரை தீர்ந்தபோது தெருமுனைக்குப் போய், மருமகளின் சிவப்பு மாத்திரை என்று கேட்டு வாங்கியிருக்கிறார். அண்ணாச்சி நறுக்கிக் கொடுத்திருக்கிறார்.

“டாக்டரம்மா நிறுத்தணும்னு சொன்னதச் சொன்னேன்லா அத்தை?”

“சொன்ன. நிறுத்துன. நிறுத்தி என்ன ஆச்சு? முன்ன மரத்து மட்டும்தான் இருந்திச்சு, இப்ப எரியவும் செய்யுது. நான் என்ன கண்ணில்லாமலா இருக்கேன்? பிள்ளைக்குத் தலை சீவும்போது சீப்பு உன் கையிலருந்து நழுவி விழுது. நீ எடுத்து எடுத்து சீவுத. அதைப் பாத்துக்கிட்டு நான் சும்மா உக்காந்திருக்கணுமோ?”

“நீங்க எனக்கு வெசம் வச்சிருக்கிய, அத்தை.”

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். அத்தை பாலைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றினார், டம்ளரைக் கழுவினார், அதை ரொம்ப நேரம் கழுவினார். என் கணவர் வந்து பார்த்துவிட்டு, “நல்லதுக்குன்னு நெனச்சுத்தான செஞ்சிருக்காங்க” என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுதவே முடியாது. இந்த வீட்டில் எனக்கு நடந்த எல்லாமே நல்லதுக்கென்று நினைத்துச் செய்தவைதான். கெடுதல் நினைத்த ஒருவர் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு சிரமம் இருந்திருக்காது. அவரோடு பேச்சை நிறுத்தியிருப்பேன்.

பத்து நாள் அத்தையும் நானும் தேவைக்கு மட்டும் பேசினோம். பாலை நானே காய்ச்சினேன். என் தட்டில் அவர் எதை வைத்தாலும் ஒரு கணம் பார்த்துவிட்டுச் சாப்பிட்டேன். அவர் அதைக் கவனித்தார். கவனிக்கிறார் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. நான் படித்தவள், ஆங்கிலம் தெரியும், நானே அந்த அட்டையை இரண்டு வருடம் வாசிக்கவில்லை. அத்தை தமிழ் நாளிதழை ஒரு வரி விடாமல் வாசிப்பவர். அந்த அட்டையில் தமிழில் ஓர் எழுத்துக் கிடையாது. அவர் மேல் கோபப்படுவது நியாயமா என்று யோசிப்பேன். யோசித்துவிட்டு மறுபடியும் கோபப்படுவேன்.

தை பிறந்து திருநெல்வேலிக்குக் கிளம்பிய அன்று, அத்தை நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றார். “நானும் வாரேன். அந்த டாக்டரம்மாட்ட நானே கேக்கணும்.” என் கணவர் மகளோடு வீட்டில் இருந்துகொண்டார்.

டாக்டரம்மா என்னைச் சோதித்தார். இந்த முறை கண்ணை மூடி ஏழெட்டு நொடி நின்றேன். அதற்குப் பிறகுதான் சாய்ந்தேன். விரல்களில் குத்திப் பார்த்தார், சிலவற்றில் தெரிந்தது. “முன்னேற்றம் இருக்கு. இன்னும் கொஞ்சம் வரும். முழுசா வருமான்னு சொல்ல மாட்டேன்” என்றார். பாலில் போட்ட கதையை நான் சொல்லவில்லை. அத்தையே சொன்னார். ஒன்றையும் குறைக்காமல், சுக்கைக் கூட்டிப் போட்டது உட்பட.

சொல்லி முடித்துவிட்டுக் கேட்டார்: “அப்போ இவ கை போனதுக்கு நாந்தான் காரணமா, தாயி?”

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். “நீங்க குடுத்தது கொஞ்ச நாள்தாம்மா. அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் அவங்களே சாப்பிட்டிருக்காங்க. அதுக்கும் முன்னாடி அவங்க அப்பாகிட்டருந்து வந்தது இருக்கு. யாரால எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல ஒரு டெஸ்ட்டும் கிடையாது.”

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. அதே நேரம், இல்லை என்று சொல்லியிருந்தால் அதற்கும் எனக்குக் கோபம் வந்திருக்கும்.

தென்காசி பஸ்ஸில் ஜன்னலோரம் அத்தை உட்கார்ந்தார். பஸ் ஆலங்குளம் தாண்டியது. பிறகு என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். சுண்டுவிரல் நுனியை நகத்தால் அழுத்தினார்.

“இது தெரியுதா?”

“தெரியுது அத்தை.”

“இது?”

“தெரியுது.”

“இது?”

ஐந்து விரலையும் ஒவ்வொன்றாக அழுத்திக் கேட்டார். ஐந்துக்கும் தெரியுது என்று சொன்னேன். அதில் இரண்டை நான் கண்ணால் பார்த்துத்தான் சொன்னேன். அத்தை மறு கையைக் கேட்டார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு கையைக் கொடுத்தேன்.